லித்தியம் ஏன் ரிப்போர்ட்டில் வரவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி பற்றிய ஒரு பதிலில், "சாதாரண எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வில் லித்தியம் தெரியாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு, மென் எக்ஸ்-கதிர் உமிழ்வு நிறமாலையியல் (மாதிரியிலிருந்து வரும் ஆற்றல் குறைந்த எக்ஸ்-கதிர்களைப் பிரித்து அளப்பது) என்ற இந்த ஒரு துறைக்கே பக்கத்தை ஒதுக்குகிறேன். நான் தினமும் கையாளும் வேலை இது. கேட்டவர்களுக்கு நன்றி.

மேடம், ஓசூரில் பேட்டரி பேக் தயாரிக்கும் ஒரு சிறு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். சீக்கிரமே பழுதான ஒரு செல்லின் நெகட்டிவ் தகட்டை வெளி லேப் ஒன்றுக்கு அனுப்பினோம். ரிப்போர்ட்டில் கார்பன், ஆக்சிஜன், ஃப்ளூரின், பாஸ்பரஸ், தாமிரம் எல்லாம் இருக்கிறது. லித்தியம் மட்டும் இல்லை. லித்தியம் பேட்டரியில் லித்தியம் இல்லையா? லேப் ஏமாற்றிவிட்டதா?

ஏமாற்றவில்லை. ரிப்போர்ட்டில் உள்ளது எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது. கார்பன் உங்கள் கிராஃபைட். தாமிரம் அதைத் தாங்கும் தகடு. ஃப்ளூரினும் பாஸ்பரசும் எலெக்ட்ரோலைட்டில் கரைந்திருந்த லித்தியம் உப்பிலிருந்து வந்தவை. அந்த உப்பின் லித்தியத்தைத்தான் கருவியால் பார்க்க முடியவில்லை.

எலெக்ட்ரான் கற்றை மாதிரியின் மீது விழும்போது, அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. அந்தக் காலி இடத்துக்கு மேலேயிருந்து வேறோர் எலெக்ட்ரான் இறங்குகிறது. இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் எக்ஸ்-கதிராக வெளிவரலாம். அந்த ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு என்பதால், அதை அளந்தாலே எந்தத் தனிமம் என்று சொல்லிவிடலாம். எலெக்ட்ரான் வோல்ட் என்ற சிறிய ஆற்றல் அலகில் சொன்னால், இரும்புக்கு 6,400. அலுமினியத்துக்கு 1,487. கார்பனுக்கு 277. லித்தியத்துக்கு வெறும் 54.

"வெளிவரலாம்" என்று எழுதியதைக் கவனியுங்கள். கட்டாயம் வரும் என்பதில்லை. இரும்பின் உள்கூட்டில் நூறு காலியிடம் ஏற்பட்டால் சுமார் 34 முறை எக்ஸ்-கதிர் வரும். கார்பனில் ஆயிரம் காலியிடத்துக்கு இரண்டு மூன்று வந்தால் உண்டு. லித்தியத்தில் அதைவிடவும் மிகக் குறைவு. மீதி முறையெல்லாம் அந்த ஆற்றல் கதிராக வராமல் இன்னோர் எலெக்ட்ரானை வெளியே தள்ளிவிடும்; அதற்கு ஆகர் எலெக்ட்ரான் என்று பெயர். அப்படித் தப்பிப் பிறக்கும் சொற்பக் கதிரும் டிடெக்டரின் முன்னால் உள்ள மெல்லிய ஜன்னலில் உறிஞ்சப்பட்டு நின்றுவிடும். பழைய கருவிகளில் அது பெரிலியத் தகடு. இப்போது பாலிமர் படலம். எதுவானாலும் 54 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு அது சுவர்தான்.

ஜன்னலே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சிலிக்கான் டிடெக்டரில் ஓர் எலெக்ட்ரான்–துளை இணை உருவாகச் சுமார் 3.6 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. மாங்கனீசின் கதிர் விழுந்தால் 1,600 இணைகள் கிடைக்கும். லித்தியம் கதிர் விழுந்தால் பதினைந்து. மின்சுற்றின் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பதினைந்தைப் பிரித்துக் கேட்பது பெரும்பாடு. ஜன்னல் இல்லாத புது டிடெக்டர்கள் இப்போது அந்த வேலையை ஓரளவு செய்கின்றன. ஆனால் நம் லேப்களில் எல்லோரும் 'ஈடாக்ஸ்' என்று சொல்லும் சாதாரணக் கருவியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

உங்கள் உண்மையான கவலை வேறு என்று நினைக்கிறேன். தகட்டின் மேல் உலோக லித்தியம் படிந்துவிட்டதா என்பதுதானே? சார்ஜ் செய்யும்போது கிராஃபைட்டுக்குள் போய் அமர வேண்டிய லித்தியம், வேகமான சார்ஜிலோ குளிரிலோ உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படியும். அது செல்லின் ஆயுளைத் தின்னும். ஷார்ட் ஆகவும் வைக்கும். அந்த உலோக லித்தியத்தைப் பார்க்க மென் எக்ஸ்-கதிர் நிறமாலைமானி மிகப் பொருத்தமான கருவி. அடுத்த முறை அந்த வசதி உள்ள இடமாக விசாரித்து அனுப்புங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். செல்லைப் பிரிப்பதிலிருந்து நுண்ணோக்கிக்குள் வைப்பது வரை எங்கேயும் காற்றுப் படக்கூடாது. ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் பிரித்து, காற்றுப் புகாத மாற்றுக் கலத்தில் மூடி, அந்தக் கலத்தோடு நுண்ணோக்கியில் பொருத்த வேண்டும். முழுதாக சார்ஜ் ஆன கிராஃபைட் தகட்டைப் பெட்டிக்குள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கரி கறுப்பாக இருக்காது. தகதகவென்று தங்க நிறத்தில் இருக்கும். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்று நிரம்பிய கிராஃபைட்டின் நிறம் அது. பாதி நிரம்பினால் செம்பு நிறம், அதற்கும் குறைந்தால் நீலம். காற்றுப் பட்டால் அந்தத் தங்கம் நம் கண்ணெதிரே மங்கி அழுக்காகிவிடும். அதற்கப்புறம் எந்தக் கருவியில் வைத்தாலும் பேட்டரியைப் பற்றிய தகவல் கிடைக்காது, காற்று செய்த வேலைதான் கிடைக்கும்.

ஜன்னலை எடுத்தாலும் போதாது என்றால், இந்த நிறமாலைமானி மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? – வேதியியல் விரிவுரையாளர், விருதுநகர்

ஃபோட்டானின் ஆற்றலை டிடெக்டரில் அளப்பதை விட்டுவிட்டு, அலைநீளத்தைப் பிரித்துப் பார்க்கிறது.

அலைநீள முறை புதிதல்ல. ரேமோன் காஸ்தேன் 1951-இல் பாரிசில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் எலெக்ட்ரான் நுண்பகுப்பாய்வு என்ற துறையையே தொடங்கிவைத்தபோது கையாண்டது அந்த முறையைத்தான். படிகத்தின் அணு அடுக்குகளில் எக்ஸ்-கதிரைப் பட்டுத் தெறிக்கச் செய்து, பிராக் விதிப்படி அலைநீளத்தைப் பிரிப்பார்கள். ஆனால் அடுக்குகளின் இடைவெளியைப் போல் இருமடங்குக்கு மேல் நீண்ட அலையைப் படிகத்தால் பிரிக்க முடியாது. இந்த வேலையில் வழக்கமாகப் பயன்படும் படிகங்களில் அகன்ற இடைவெளி கொண்ட ஒன்றில்கூட அந்த இருமடங்கு சுமார் 2.6 நானோமீட்டர்தான். லித்தியம் கதிரின் அலைநீளமோ 23 நானோமீட்டர். படிகத்துக்கு அது கட்டுப்படாது.

அதனால் படிகத்தின் இடத்தில் கீற்றணி வருகிறது. கண்ணாடிப் பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல் கோடு கிழித்து, மேலே உலோகப் பூச்சு கொடுத்தது. இந்த அலைநீளத்தில் நேராக விழும் கதிர் எதிரொளிக்காமல் உள்ளே புகுந்து மறைந்துவிடும். ஆகவே பரப்பை உரசிக்கொண்டு போகும் அளவுக்குச் சில பாகை சாய்வில் அதை விழச் செய்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கோடுகளின் இடைவெளி. சம இடைவெளியில் கிழித்த குழிந்த கீற்றணி, பிரிந்த நிறங்களை ஒரு வட்டத்தின் மேல்தான் குவிக்கும். ரோலண்டு வட்டம் என்று பாடத்தில் நடத்தியிருப்பீர்கள். கேமராவில் இருப்பது போன்ற தட்டையான சி.சி.டி. சிப் ஒன்றை வட்டத்தின் மேல் ஒட்டவைக்க முடியாது. டிடெக்டரைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி அளக்க வேண்டும். ஏற்கெனவே சொற்பமான ஃபோட்டான்கள். ஒரு புள்ளியை அளக்கும்போது மற்றவை எல்லாம் வீண். கோடுகளின் இடைவெளியைக் கணக்குப் போட்டுச் சிறுகச் சிறுக மாற்றிக் கிழித்தால் குவியும் தளம் தட்டையாகிவிடும். 1980-களில் ஜப்பானில் ஹிட்டாச்சியின் ஆய்வாளர்கள் ஹராடாவும் கிட்டாவும் இத்தகைய கீற்றணிகளைச் செய்து காட்டினார்கள். முழு நிறமாலையும் ஒரே நேரத்தில் சிப்பின் மேல் விழும். எந்தப் பாகமும் நகர வேண்டியதில்லை.

இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியோடு சேர்த்த பெருமை செண்டாய் நகரத் தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் மசாமி தெராவுச்சிக்குச் சேர வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்றில் முதலில் பொருத்தினார். பிறகு ஜப்பான் அணுசக்தி முகமை, ஷிமாட்சு, ஜியோல் ஆகியவையும் சேர்ந்து, ஸ்கேனிங் நுண்ணோக்கியிலும் நுண்பகுப்பாய்வியிலும் மாட்டக்கூடிய வணிகக் கருவியாக அதை வளர்த்தெடுத்தன. அதில் உள்ள இரண்டு கீற்றணிகள் 50 முதல் சுமார் 210 எலெக்ட்ரான் வோல்ட் வரை பார்த்துவிடும். அலுமினியத்தின் 73 எலெக்ட்ரான் வோல்ட் விளிம்பில் அதன் பிரிதிறன் 0.3 எலெக்ட்ரான் வோல்ட். சாதாரண ஈடாக்ஸ் மாங்கனீசில் 130 வரைக்கும், கார்பனில் 50, 60-க்கும்தான் பிரிக்கும். இந்த வித்தியாசத்தை அடுத்த கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள்.

முதுகலை இயற்பியல் மாணவன் நான். கருத்தரங்கு ஒன்றில் அலுமினியத்தின் மென் எக்ஸ்-கதிர் நிறமாலையைக் காட்டினார்கள். கூரான சிகரத்தை எதிர்பார்த்தேன். ஒரு பக்கம் மெதுவாக ஏறி, மறுபக்கம் செங்குத்தாக விழும் மேடு மாதிரி இருந்தது. கருவிக் கோளாறா, அதுதான் உண்மையா? – காரைக்குடி

அதுதான் உண்மை. அந்தச் செங்குத்து இறக்கத்தைக் கவனித்ததற்கு உங்களைப் பாராட்டுகிறேன், தம்பி. இந்தத் துறையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அலுமினியத்தின் 1,487 எலெக்ட்ரான் வோல்ட் கதிர் ஓர் உள்கூட்டிலிருந்து இன்னோர் உள்கூட்டுக்கு இறங்கும்போது பிறப்பது. இரண்டுமே அணுக்கருவுக்குப் பக்கத்தில், வெளியுலகத்தோடு சம்பந்தமில்லாமல் இருப்பவை. அதனால் கூரான கீற்று வரும். அலுமினியம் உலோகமாக இருக்கிறதா, ஆக்சைடாக இருக்கிறதா என்பதைப் பற்றி அந்தக் கீற்று அதிகம் சொல்லாது. நீங்கள் பார்த்த 73 எலெக்ட்ரான் வோல்ட் கதிரோ வெளி எலெக்ட்ரான்களே உள்ளே இறங்கும்போது பிறப்பது. பிணைப்பை உண்டாக்குபவையும் மின்சாரத்தைக் கடத்துபவையும் அந்த எலெக்ட்ரான்கள்தான்.

உலோக அலுமினியத்தில் ஒவ்வோர் அணுவும் மூன்று வெளி எலெக்ட்ரான்களைப் பொதுவில் விட்டிருக்கிறது. அவை எல்லாம் ஒரே ஆற்றலில் இருக்க பவுலி விதி இடம் கொடுக்காது. தொட்டியில் தண்ணீர் நிரம்புவது போல அடியிலிருந்து மேல்வரை நிரம்பி நிற்கின்றன. அலுமினியத்தில் அதன் ஆழம் 11 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல். உள்ளே காலி இடம் ஏற்பட்டதும் இந்த ஆழத்தின் எந்த மட்டத்திலிருந்தும் எலெக்ட்ரான் இறங்கலாம். அடிமட்டத்திலிருந்து இறங்கினால் குறைந்த ஆற்றல், மேல்மட்டத்திலிருந்து இறங்கினால் அதிக ஆற்றல். ஆகவே கதிரும் அதே அகலத்துக்குப் பரந்து வருகிறது. நிரம்பிய மட்டத்துக்கு மேலே எலெக்ட்ரானே இல்லை. அதனால் அங்கே நிறமாலை சட்டென்று விழுகிறது. அந்த விளிம்பின் பெயர் ஃபெர்மி விளிம்பு. அறை வெப்பநிலையில் அதை மங்கலாக்கும் வெப்ப ஆற்றல் 0.025 எலெக்ட்ரான் வோல்ட் என்ற அளவில்தான். ஆகவே திரையில் தெரியும் சரிவின் அகலம் பெரும்பாலும் கருவியின் பிரிதிறனைக் காட்டுகிறது. முந்தைய பதிலில் சொன்ன 0.3 அப்படி அளந்ததுதான். புதிதாகக் கருவியைச் சரிசெய்தவுடன் நாங்கள் முதலில் வைப்பதும் ஒரு துண்டு அலுமினியம்தான்.

இதன் கதை 1930-களில், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்தது. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் இப்படி அடுக்கடுக்காக நிரம்பியிருக்கும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் சொமர்ஃபெல்ட் 1920-களின் இறுதியில் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு சரி, பார்த்தது யார்? ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்ற பிரிஸ்டல் ஆய்வாளர், உரசும் கோணத்தில் வைத்த கீற்றணியையும் புகைப்படத் தகட்டையும் கொண்டு சோடியம், மெக்னீசியம், அலுமினியம் போன்ற உலோகங்களின் மென் எக்ஸ்-கதிரைப் பதிவு செய்தார். விளிம்பு கூராக வந்தது. அதே ஊரிலிருந்த இயற்பியலாளர்கள் ஹாரி ஜோன்சும் நெவில் மாட்டும் (Mott) அவரோடு சேர்ந்து 1934-இல் அந்த வடிவங்களுக்கான கோட்பாட்டை வெளியிட்டார்கள். திடப்பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் பட்டைகளாக இருக்கின்றன என்பதற்குக் கிடைத்த நேரடிச் சாட்சிகளில் அது முக்கியமானது. பட்டைக் கொள்கையைப் பாடமாக நடத்துகிறவர்கள் ஸ்கின்னரின் நிறமாலை ஒன்றையாவது கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நம் பாடப் புத்தகங்கள் அவரைச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

ஆக்சைடு எடுத்துக்கொண்டால், அலுமினியத்தின் வெளி எலெக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் போய்விடுகின்றன. அந்தச் செங்குத்து இறக்கம் காணாமல் போய், மேட்டின் உருவமே மாறிவிடும். "இது அலுமினியம்" என்பதோடு "இது உலோகம், அது ஆக்சைடு" என்பதையும் ஒரு மைக்ரான் அளவு இடத்தில் வைத்துச் சொல்லிவிடலாம். ஆகவே மென் எக்ஸ்-கதிர் ரிப்போர்ட் கைக்கு வந்தால் சதவீத அட்டவணைக்கு ஓடாதீர்கள். முதலில் மேட்டின் வடிவத்தைப் பாருங்கள்.

அப்படியானால் இந்தக் கருவியில் லித்தியம் எங்கே இருந்தாலும் தெரிந்துவிடுமா? – ஆராய்ச்சி மாணவி, வேலூர்

தெரியாது. விளம்பரக் கையேட்டை மட்டும் படித்துவிட்டு மாதிரி கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான்.

லித்தியத்தில் மூன்றே எலெக்ட்ரான்கள். இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. உள்ளே காலி ஏற்பட்டால் இறங்கி வர அந்த ஒன்றுதான் உண்டு. ஆனால் இந்த இறக்கத்துக்கு ஒரு விதி இருக்கிறது: அணுக்கருவை ஒட்டிய முதல் கூடான கே கூட்டுக்கு இறங்கும் எலெக்ட்ரான் 'பி' வகையாக இருக்க வேண்டும் (எஸ், பி என்பவை எலெக்ட்ரான் பரவியிருக்கும் வடிவத்தின் வகைகள்). தனி லித்தியம் அணுவின் வெளி எலெக்ட்ரான் 'எஸ்' வகை. உலோகமாகச் சேரும்போது எஸ்-சும் பி-யும் கலந்துவிடுவதால் வழி திறக்கிறது. 54 எலெக்ட்ரான் வோல்ட்டில் அழகான மேடு வருகிறது. சார்ஜ் ஆன கிராஃபைட்டிலும் லித்தியம் பார்க்க முடிகிறது. சார்ஜ் ஏற ஏற அந்த மேடு வளர்வதைத் திரையில் பார்க்கலாம்.

லித்தியம் ஃப்ளூரைடு போன்ற உப்புகளில் நிலைமை வேறு. அந்த ஒரே வெளி எலெக்ட்ரானும் ஃப்ளூரினிடம் போய்விட்டது. இறங்கி வர லித்தியத்திடம் ஆளே இல்லை. பக்கத்து அணுவிலிருந்து வந்தால்தான் உண்டு; அது மிக மங்கல். பாசிட்டிவ் தகட்டில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. இரும்பு, கோபால்ட் முதலியவற்றின் மூன்றாம் கூடான எம் கூட்டுக் கதிர்கள் இதே 50, 60 எலெக்ட்ரான் வோல்ட் வட்டாரத்தில் வந்து விழுகின்றன. இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் இரும்பின் கதிர் லித்தியத்தின் பக்கத்திலேயே.

இதைக் குறையாக மட்டும் நினைக்காதீர்கள். உப்பாகிச் செத்துப்போன லித்தியத்தையும், உலோகமாகப் படிந்த லித்தியத்தையும் ஒரே எண்ணாகக் கூட்டித் தரும் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. எது எங்கே என்று பிரித்துக் காட்டுவது இந்தக் கருவி. உங்களுக்கு மொத்த அளவு வேண்டுமென்றால் தகட்டை அமிலத்தில் கரைத்து, கரைசலைச் சூடான பிளாஸ்மாவில் தெளித்துத் தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. முறையில் அளந்துவிடுங்கள்; செலவும் மிச்சம்.

என் மகள் எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். இப்போது ஐந்து மாதம். எக்ஸ்-ரே வரும் கருவி என்கிறாள். பயமாக இருக்கிறது. வேலையை விடச் சொல்லட்டுமா? – ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எக்ஸ்-ரேயை நினைத்து வேலையை விடச் சொல்ல வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் நாம் பேசிக்கொண்டிருக்கும் லித்தியம் கதிர், காற்றில் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் அடங்கிவிடும். அதே கருவியில் இன்னும் வலுவான கதிர்களும் பிறக்கத்தான் செய்கின்றன. ஸ்கேனிங் நுண்ணோக்கியில் 30 ஆயிரம் வோல்ட் வரை போவார்கள். அந்தக் கதிர்களை மாதிரி இருக்கும் கனத்த உலோக அறையே தடுத்துவிடும். ஊடுருவு நுண்ணோக்கிகளில் 200, 300 ஆயிரம் வோல்ட் என்பதால் ஈயக் கவசமும் கட்டும்போதே சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். கவசத்தைக் கழற்றாமல், புதுத் துளை போடாமல் வேலை செய்யும்வரை பயமில்லை. மனத் திருப்திக்கு, கசிவு அளக்கும் மீட்டரை வைத்து ஒருமுறை அளந்து காட்டும்படி மகள் தன் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்கட்டும். அது அவள் உரிமை.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உயிரியல் மாதிரிகளைத் தயார் செய்யும் மேசையில் ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்ற ரசாயனம் இருக்கும். அதன் ஆவி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். யுரேனைல் அசிடேட் என்ற யுரேனியம் உப்பும் இருக்கும். டிடெக்டரையும், கருவிக்குள் மிச்சமிருக்கும் ஆவியைப் பிடிக்கும் குளிர்ப் பொறியையும் குளிர்விக்க திரவ நைட்ரஜன் இருக்கும். சிறிய மூடிய அறையில் அது ஆவியானால் மூச்சுக்குக் காற்றில்லாமல் போகும். இந்த மூன்று வேலைகளையும் குழந்தை பிறக்கும்வரை வேறொருவர் பார்க்கட்டும். மகளின் கர்ப்பம் பற்றிப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவி முன் உட்கார்ந்து படம் எடுப்பதை அவள் தாராளமாகத் தொடரலாம். நடுநடுவே எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

கோவையில் டூல் கோட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். டிரில் பிட்டுகளுக்கு டைட்டானியம் நைட்ரைடு பூச்சு போடுகிறோம். நைட்ரஜன் எவ்வளவு என்று கேட்டால், "டைட்டானியத்தோடு கலந்துவிடுகிறது, சரியாகச் சொல்ல முடியாது" என்கிறார்கள். இதற்கு வழி உண்டா?

உண்டு. தங்க நிறத்தில் பூச்சு வந்துவிட்டால் போதும் என்று நினைக்காமல் நைட்ரஜனைத் தேடுகிறீர்களே, அதற்கே பாராட்டு.

நைட்ரஜனின் கதிர் 392 எலெக்ட்ரான் வோல்ட். டைட்டானியத்தின் எல் வரிசைக் கதிர்களில் (இரண்டாம் கூட்டுக்கு இறங்கும்போது வருபவை) ஒன்று 395. இடையே மூன்றே மூன்று. ஈடாக்ஸில் இரண்டும் ஒரே மேடாகிவிடும். படிகம் வைத்த முறையிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நிற்கும். கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டியிருக்கும். கீற்றணியில் இரண்டும் தனித்தனியாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் கீற்றணியின் எல்லை 210 தானே, 392 எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கீற்றணிக்கு இரண்டாம் வரிசை என்று ஒன்று உண்டு; அதில் ஒரு கதிர் தன் பாதி ஆற்றலுக்கான இடத்திலும் வந்து விழும். 392 எலெக்ட்ரான் வோல்ட் கதிர் இரண்டாம் வரிசையில் 196-க்கான இடத்தில் வந்து விழும். டைட்டானியம் 197.6 பக்கத்தில் விழும். இடைவெளி பாதியானாலும் பிரிக்கத் தாராளமாகப் போதும்.

ஆனால் தொழில் நடத்துபவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். தினசரித் தரச் சோதனைக்கு இது வேண்டாம். கடினத்தன்மை, பூச்சின் தடிமன், ஒட்டுப்பிடிப்பு ஆகியவற்றை நீங்களே யூனிட்டில் பாருங்கள். பூச்சு ஏன் உரிகிறது, அடியில் டைட்டானியம் மட்டும் தனியாகப் படிந்திருக்கிறதா என்ற மாதிரிக் கேள்வி வரும்போது ஒரு பிட்டைக் குறுக்காக வெட்டி மெருகேற்றி அனுப்புங்கள். பூச்சின் அடியிலிருந்து மேல்வரை நைட்ரஜன் எப்படி மாறுகிறது என்று கோடு போட்டுக் காட்டுவார்கள்.

வைரம் மாதிரியான கார்பன் பூச்சு என்று விற்கிறார்கள். உண்மையிலேயே வைரமா, வெறும் கரியா என்று இதில் கண்டுபிடிக்க முடியுமா? – பொறியாளர், சென்னை

முடியும். வைரம், கிராஃபைட் இரண்டும் கார்பன்தான் என்பதால் 277 எலெக்ட்ரான் வோல்ட் பக்கத்தில்தான் இரண்டும் ஒளிரும். ஆனால் மேட்டின் உருவம் வேறு. கிராஃபைட்டில் தளத்துக்குள் இருக்கும் சிக்மா பிணைப்பும், தளத்துக்கு மேலும் கீழும் நிற்கும் பை பிணைப்பும் தனித்தனியாகத் தெரியும். வைரத்தில் பை இல்லை. உங்கள் பூச்சு இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஆயினும் முதலில் ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பிணைப்பை அறியும் முறை) எடுங்கள். மலிவு, விரைவு, பல இடங்களில் கிடைக்கிறது. மைக்ரானுக்கும் சிறிய ஒரு புள்ளியிலோ, குறுக்கு வெட்டில் ஒரு மெல்லிய அடுக்கிலோ பார்க்க வேண்டியிருந்தால் மட்டும் இங்கே வாருங்கள்.

கார்பன் அளப்பவர்களுக்குப் பெரிய எதிரி அழுக்கு. கற்றையை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு உருப்பெருக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் சிறு கறுப்புத் திட்டு தெரியும். மாதிரியின் மேலும் அறைக்குள்ளும் மிச்சமிருந்த எண்ணெய்ப் பசை கற்றையின் அடியில் வெந்து படிந்த கார்பன் அது. மென் எக்ஸ்-கதிர் மேற்பரப்புக்கு மிக அருகிலிருந்து வருவது. எனவே அந்தப் படிவும் உங்கள் நிறமாலையில் கலந்துவிடும். இரும்பில் கார்பன் அளப்பவருக்கு இது இன்னும் பெரிய வினை. மாதிரியை வெறும் கையால் தொடாதீர்கள். மார்க்கர் பேனாவால் எண் எழுதாதீர்கள். கார்பன் டேப்பில் ஒட்டாமல் கவ்வியில் பிடித்து அனுப்புங்கள். உள்ளே வைக்கும் முன் பிளாஸ்மாவில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பிளஸ் டூ படிக்கிறேன் அக்கா. லித்தியம் தெரிகிறது என்றால் ஹைட்ரஜனும் தெரியுமா? – மாணவி, திண்டுக்கல்

நல்ல கேள்வி, கண்ணு. தெரியாது. உள்ளே ஒரு காலியிடம் வேண்டும், அதில் இறங்க மேலே ஓர் எலெக்ட்ரான் வேண்டும். ஹைட்ரஜனிடம் இருப்பதே ஒன்று. அதைத் தட்டிவிட்டால் இறங்க ஆளில்லை. ஹீலியத்தில் இரண்டு இருந்தாலும் இரண்டும் ஒரே கூட்டில்தான். ஆகவே எக்ஸ்-கதிரால் தனிமங்களைத் தேடும் வரிசையே லித்தியத்தில்தான் தொடங்குகிறது. உலோகத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜனைப் பார்க்க வேறு முறைகள் இருக்கின்றன. நியூட்ரான் கற்றையை அனுப்பிப் பார்ப்பார்கள். அயனிகளால் மேற்பரப்பைச் சுரண்டி வெளிவருவதை எடை போட்டுப் பார்ப்பார்கள். ஊசிமுனை போன்ற மாதிரியிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் முறையும் உண்டு. அந்த மூன்றையும் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.